பழைய கணினியைப் பிரித்து எடைக்குப் போடுவது: எதைக் கழற்றலாம், எதைத் தொடக்கூடாது

கேள்வி, 2023 நவம்பர் 4, காலை

பொள்ளாச்சி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என் தந்தையார் நடத்திவந்த தட்டச்சு, கணினிப் பயிற்சி நிலையத்தை மூடிவிட்டோம். 22 கணினிகள் மிஞ்சியிருக்கின்றன. பெரும்பாலானவை பென்டியம் 4 பிராசசர் கொண்டவை. சில கோர் 2 டியோ. பாதிக்கு மேல் பழைய பெட்டி மானிட்டர்கள். காயலான் கடைக்காரர் எல்லாவற்றையும் மொத்தமாக, இரும்பு விலைக்குச் சற்று மேலே வைத்து எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். மதர்போர்டிலும் (கணினியின் தாய்ப்பலகை) ராமிலும் (நினைவகப் பட்டை) தங்கம் இருக்கிறது, வீட்டிலேயே பிரித்தெடுத்தால் நல்ல தொகை வரும் என்று என் மைத்துனர் காணொளிகளைக் காட்டுகிறார். பிரித்துப் போடுவதா, அப்படியே போடுவதா?"

நவம்பர் 4, இரவு

பிரித்துப் போடுங்கள். ஆனால் திருப்புளி, குறடு ஆகிய இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோவையில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். பென்டியம் 2 காலத்திலிருந்து இந்தப் பெட்டிகள் என் மேசைக்கு வந்துகொண்டிருக்கின்றன. சரிசெய்ய முடியாதவை எடைக்குப் போகின்றன.

கடைக்காரர் சொன்ன விலையை அநியாயம் என்று நினைக்க வேண்டாம். முழுக் கணினி ஒன்றைத் தராசில் வைக்கும்போது அதற்குள் எது எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. பெட்டியின் பெரும்பகுதி இரும்புத் தகடு என்பதால், உள்ளே இருக்கும் அலுமினியம், செம்பு, சர்க்யூட் பலகை எல்லாவற்றையும் இரும்பு என்றே கொண்டு விலை பேசுகிறார். பிரிக்க வேண்டிய கூலியையும் அதில் கழித்துக்கொள்கிறார். அந்த வேலையை நீங்களே செய்து கொடுத்தால் ஒவ்வொன்றும் அதனதன் விலைக்குப் போகும். உங்களுக்குக் கிடைக்கக்கூடிய லாபம் அந்த வித்தியாசம்தான்.

திருப்புளியை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு கணினிக்கும் மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். ஓடுகிற பொருளின் விலைக்கும் அதிலிருக்கும் உலோகத்தின் விலைக்கும் ஒப்பே கிடையாது. குறிப்பாக, பேரலல் போர்ட், சீரியல் போர்ட் என்ற பழைய வகை இணைப்பு முனைகள் உள்ள பென்டியம் 4 மதர்போர்டு ஓடும் நிலையில் இருந்தால் அதை உடைக்க வேண்டாம். கோவை, திருப்பூர் வட்டாரத்தில் பழைய எடைமேடைகள், கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் கடையும் சி.என்.சி. எந்திரங்கள், பின்னலாடை எந்திரங்கள் பல இன்னும் அந்தப் போர்ட்டுகளை நம்பியே ஓடுகின்றன. அவற்றைப் பராமரிப்பவர்கள் இத்தகைய பலகையைத் தேடி அலைகிறார்கள்.

நவம்பர் 5

நேற்றுச் சுருக்கமாக எழுதியதை இன்று விரித்து எழுதுகிறேன், ஏனெனில் எதிலிருந்து தொடங்குவது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

பக்கக் கதவைக் கழற்றியதும் முதலில் உள்ளே இருக்கும் தூசியை, வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் அணிந்துகொண்டு தட்டிவிடுங்கள். பயிற்சி நிலையக் கணினிகளில் சுண்ணக்கட்டித் தூளும் நூல் பிசிறும் சேர்ந்து மின்விசிறியை மூடியிருக்கும். பெட்டியின் நெற்றியில் ஆண்டாண்டாக ஆயுத பூசைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருக்கும். திருகாணிகளை ஒரு டப்பாவில் சேருங்கள். அவை இரும்பு என்றாலும், ஓடும் நிலையில் உள்ள பெட்டிகளை விற்கும்போது தேவைப்படும்.

அடுத்து எஸ்.எம்.பி.எஸ்., அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி. இதில்தான் உயிருக்கு ஆபத்து இருக்கிறது. நம் வீட்டு 230 வோல்ட் மாறுமின்சாரம் இதற்குள் நேர்மின்சாரமாக மாறி ஏறத்தாழ 325 வோல்ட் அளவுக்குப் மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் பெரிய கெபாசிட்டர்களில் சேர்கிறது. நல்ல நிலையில் உள்ள எஸ்.எம்.பி.எஸ்.ஸில், இணைப்பைப் பிடுங்கிய சிறிது நேரத்தில் அது வடிந்துவிடும். ஓடாமல் செத்துப்போன எஸ்.எம்.பி.எஸ்.ஸில், வடிப்பதற்கென்று வைத்த ரெசிஸ்டரும் போயிருந்தால், மின்னூட்டம் அப்படியே நிற்கும். ஆகவே எடைக்குப் போக வேண்டிய, ஓடாத எஸ்.எம்.பி.எஸ்.தான் கூடுதல் ஆபத்தானது. பழுதுபார்க்கும் கடைகளில் வைத்திருக்கும் டெஸ்ட் லேம்பை, அதாவது இரண்டு ஒயர் போட்ட பழைய 60 வாட் அல்லது 100 வாட் குண்டு பல்பை, கெபாசிட்டரின் இரண்டு கால்களிலும் தொடவைத்து வடித்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். சில சமயம் பல்பு ஒரு கணம் மின்னி அணையும். இதில் பழக்கம் இல்லாதவர்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்கவே வேண்டாம். வெளியே தொங்கும் ஒயர்களை மட்டும் வெட்டியெடுத்துக்கொண்டு பெட்டியை மூடியபடியே கொடுத்துவிடுங்கள். உள்ளே இருப்பவை இரண்டு அலுமினியத் தகடுகள், ஃபெரைட் உள்ளகத்தைச் சுற்றிய கொஞ்சம் செம்பு, ஒரு தாழ்ந்த தரப் பலகை. அவற்றுக்காகத் துணிய வேண்டியதில்லை.

பிராசசர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை வெளியேற்றும் உலோகக் கட்டியான ஹீட் சிங்க் கவனிக்கத்தக்கது. பெரும்பாலானவை முழு அலுமினியம். இன்டெல் தந்த சில வட்ட வடிவ ஹீட் சிங்க்குகளின் நடுவில் ஒரு செம்புக் கட்டி செருகியிருக்கும். அடிப்பக்கம் வெள்ளைப் பசையைத் துடைத்தால் சிவந்த வட்டம் தெரியும். அதை அப்படியே போட்டால் கலப்பு உலோகம் என்று சொல்லி அலுமினிய விலையைவிடக் குறைத்துவிடுவார்கள். பட்டறையில் பொருளை இறுக்கிப் பிடிக்கும் வைஸில் வைத்து அழுத்தினால் செம்பு தனியாகக் கழன்று வரும். மின்விசிறியைத் தாங்கும் பிளாஸ்டிக்கையும் இரும்புக் கம்பியையும் நீக்கிவிடுங்கள். அலுமினியத்தில் ஒரே ஓர் இரும்புத் திருகாணி மிச்சம் இருந்தாலும் விலை குறைக்க அது போதுமான காரணமாகிவிடும்.

நவம்பர் 7

தங்கத்தைப் பற்றி மைத்துனருக்கு ஒரு கணக்கு.

கோர் 2 டியோ கணினியில் உள்ள டி.டி.ஆர். 2 ராமின் விளிம்பில், இரண்டு பக்கமும் சேர்த்து 240 பட்டைகளில் தங்க முலாம் இருக்கிறது. ஒரு பட்டை ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர் அகலம், 2.5 மில்லிமீட்டர் நீளம் என்று கொண்டால் மொத்தப் பரப்பு 480 சதுர மில்லிமீட்டர். நல்ல தரமான முலாம் என்றால் அதன் கனம் சுமார் 0.76 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பெருக்கினால் 0.36 கன மில்லிமீட்டர் தங்கம். தங்கத்தின் அடர்த்தி ஒரு கன மில்லிமீட்டருக்கு 19.3 மில்லிகிராம். ஆக ஒரு ராமின் விளிம்பில் இருப்பது சுமார் 7 மில்லிகிராம், அதுவும் முலாம் முழுக் கனத்தோடு இருந்தால். உங்கள் 22 கணினிகளிலும் இரண்டிரண்டு ராம் இருப்பதாகவும், எல்லாமே இந்த அளவு என்றும் தாராளமாக வைத்துக்கொண்டாலும் 308 மில்லிகிராம்தான் வருகிறது. பொற்கொல்லர் கணக்கில் இரண்டரைக் குன்றிமணி.

ஓடுகிற ராம் ஒன்றை என்னைப் போன்ற கடைக்காரனிடம் கொடுத்தால் அந்த 7 மில்லிகிராமின் விலையைவிடப் பலமடங்கு கிடைக்க வாய்ப்பு உண்டு.

நவம்பர் 8

முந்தைய குறிப்பைப் படித்த ஒருவர், "ஒரு டன் கணினிப் பலகையில் 200 கிராமுக்கு மேல் தங்கம் இருக்கிறது என்று படித்திருக்கிறேன், நீங்கள் குறைத்துச் சொல்கிறீர்கள்" என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர், பழைய மின்னணுக் கருவிகளிலிருந்து எடுத்த உலோகத்தில் செய்த டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களின் கணக்கைக் காட்டுகிறார். இரண்டும் சரியான தகவல்கள். நான் எழுதியதும் அவற்றோடு முரண்படவில்லை. ஆனால் ஒரு முக்கியமான விஷயத்தை நேற்றே சேர்த்துச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

கணினிப் பலகைகளில் டன்னுக்கு 200 முதல் 250 கிராம் வரை தங்கம் என்பது உருக்காலைகள் சொல்லும் அளவு. சுரங்கத்தில் தோண்டியெடுக்கும் தாதுவில் ஒரு டன்னுக்கு 5 கிராம் கிடைத்தாலே நல்ல சுரங்கம். டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக ஜப்பான் முழுவதும் 2017 முதல் 2019 வரை ஏறத்தாழ 79,000 டன் சிறு மின்னணுக் கருவிகளையும், ஏறத்தாழ 62 லட்சம் கைப்பேசிகளையும் சேகரித்து 32 கிலோ தங்கம் எடுத்தார்கள். வகுத்துப் பார்த்தால் டன்னுக்கு அரை கிராம்கூட இல்லை. காரணம், அந்த 79,000 டன்னில் பலகை என்பது சிறு பகுதி. மீதியெல்லாம் பிளாஸ்டிக், இரும்பு, கண்ணாடி.

இப்போது உங்கள் மதர்போர்டுகளை எடுத்துக்கொள்வோம். 22 பலகைகளும் சேர்ந்து 15 கிலோ இருந்தால், டன்னுக்கு 200 கிராம் என்ற கணக்கில் 3 கிராம் தங்கம். இது சிறிய அளவு இல்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் பட்டைகளிலும் ஊசிகளிலும் இருப்பது அதில் ஒரு பங்குதான். கறுப்புச் சில்லுகளின் பிசினுக்குள், தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பிகள் ஒரு பங்கை வைத்திருக்கின்றன. சாக்கெட்டுகளின் உள்ளே, ஈயப் பற்றுக்கு அடியில் இன்னொரு பங்கு. அதை முழுமையாக எடுக்க பலகையையே செம்போடு சேர்த்து உருக்க வேண்டும். உருகிய செம்பு தங்கத்தையும் வெள்ளியையும் பலேடியத்தையும் தனக்குள் இழுத்துக்கொள்ளும். பிறகு அதிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிப்பார்கள். பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் நகரின் ஹோபோக்கன் பகுதியில் உள்ள உமிகோர் ஆலை செய்வது இதைத்தான். வாளியும் அமிலமும் வைத்துக்கொண்டு வீட்டில் செய்யக்கூடிய வேலை இது இல்லை.

ஆகவே நேற்றைய கணக்கை "தங்கம் ஒன்றுமே இல்லை" என்று எடுத்துக்கொண்டு பலகைகளை இரும்போடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். அந்த 3 கிராமை நம்பித்தான் பலகை வாங்குபவர் பலகைக்கென்று தனி விலை வைத்திருக்கிறார். உங்கள் பங்கு அந்த விலை வழியாக வர வேண்டும். பலகைகளைத் தனியாக எடை போடச் சொல்லிக் கேளுங்கள், இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள்.

நவம்பர் 9

தரம் பிரிக்க ஒரு வழி: பச்சை நிறக் கண்ணாடியிழைப் பலகையும் பழுப்பு நிறக் காகிதப் பலகையும் ஒரே மூட்டையில் போகக்கூடாது. எஸ்.எம்.பி.எஸ்., பெட்டி மானிட்டர் ஆகியவற்றின் உள்ளே இருப்பவை பெரும்பாலும் பழுப்பு. ஒரு பக்கம் மட்டும் செம்பு, விலையுயர்ந்த உலோகம் மிகக் குறைவு. இரண்டையும் கலந்தால் முழு மூட்டைக்கும் பழுப்பின் விலைதான் கிடைக்கும். மதர்போர்டிலிருந்து ஹீட் சிங்க்கையும், வட்ட லித்தியம் பேட்டரியையும் கழற்றிவிடுங்கள். பேட்டரிகளை உலோக டப்பாவில் ஒன்றாகக் கொட்ட வேண்டாம், ஒன்றையொன்று தொட்டுச் சூடேறும். ஒவ்வொன்றின் மேலும் செலோடேப் ஒட்டி வையுங்கள்.

நவம்பர் 12

இன்னொரு வாசகரிடம் பென்டியத்துக்கு முந்தைய 386, 486 காலத்துச் செராமிக் (பீங்கான்) பிராசசர்கள் இருக்கின்றனவாம். அவற்றில் தங்கம் அதிகம் என்பது உண்மை. 1995-இல் வந்த பென்டியம் புரோ இந்த வகையில் பெயர்பெற்றது. தங்கத்துக்காகவே அவற்றை உடைத்தவர்கள் ஏராளம். பிறகு வந்தவை கண்ணாடியிழை அடித்தளத்துக்கு மாறின. 2004-இல் இன்டெல் ஊசிகளையே பிராசசரிலிருந்து எடுத்து மதர்போர்டின் சாக்கெட்டுக்கு மாற்றிவிட்டது. ஊசி வளையாத, எழுத்து அழியாத செராமிக் பிராசசர் உங்களிடம் இருந்தால் அதைச் சேகரிப்பாளர்கள் தங்க விலைக்கு மேலேயே கொடுத்து வாங்குவார்கள். தயவுசெய்து உடைக்காதீர்கள். அவை குறைந்துகொண்டே வருகின்றன.

நவம்பர் 15

ஹார்ட் டிஸ்க் எனக்கு மிகவும் பிடித்த பகுதி என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் தரவு. பயிற்சி நிலையக் கணினியில் மாணவர்களின் பெயர், முகவரி, புகைப்படம், தேர்வு விண்ணப்பங்கள், சான்றிதழ் நகல்கள் எல்லாம் இருக்கும். விரைவாக ஃபார்மேட் செய்தால் இவை அழிந்துவிடுவதில்லை. கோப்புகளின் பட்டியல்தான் போகிறது. ஓடுகிற டிஸ்க் என்றால் முழுப் பரப்பிலும் பூச்சியம் எழுதும் மென்பொருளை ஓட்டுங்கள், சில மணி நேரம் ஆகும். ஓடாத டிஸ்க்கைத் திறந்து தட்டுகளைக் கெடுத்த பிறகே வெளியே விட வேண்டும். தங்கள் பிள்ளைகளின் விவரங்களை நம்பிக் கொடுத்த பெற்றோருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை இது. எடையில் கிடைக்கும் காசைவிட இதை மேலாக நினைக்கிறேன்.

திறப்பதற்கு ஆறு முனை நட்சத்திரத் திருப்புளி வேண்டும்; மூடிக்குப் பெரும்பாலும் டி 8 அளவு. சுற்றியுள்ள திருகாணிகளையெல்லாம் எடுத்த பிறகும் மூடி அசையவில்லை என்றால், மூடியில் ஒட்டியிருக்கும் பெயர்த்தாளின் மேல் விரலை அழுத்தித் தடவிப் பாருங்கள். ஓர் இடத்தில் சிறு குழி தட்டுப்படும். அதற்கு அடியில் ஒளிந்திருக்கும் திருகாணிதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. தாளைக் கிழித்து அதை எடுத்தால் மூடி மெல்லிய ரப்பர் ஓசையோடு விடுபடும். உள்ளே கண்ணாடி போல முகம் தெரியும் தட்டுகள், அவற்றின் மேல் நீளும் கை, கையின் மறுமுனையில் செம்புச் சுருள், அந்தச் சுருளை மேலும் கீழும் அணைத்தபடி இரண்டு வளைந்த காந்தங்கள்.

இந்தக் காந்தங்கள் நியோடிமியம், இரும்பு, போரான் கலந்தவை. ஜப்பானின் சுமிடோமோவில் மசாதோ சகாவா 1982-இல் உருவாக்கிய வகை. இரும்புத் தாங்கியோடு ஒட்டியிருக்கும். தாங்கியின் ஒரு முனையை வைஸில் பிடித்து மறுமுனையைக் குறடால் மெல்ல வளைத்தால் காந்தம் விடுபடும். நேராக நெம்பினால் மேலிருக்கும் நிக்கல் பூச்சு உரிந்து காந்தம் உடையும். இரண்டு காந்தங்களுக்கு நடுவில் விரல் சிக்கினால் தோல் கிழியும். குழந்தைகள் கைக்கு இவை எட்டவே கூடாது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் விலகி இருக்க வேண்டும். காயலான் கடையில் இதற்கு விலை இல்லை. முழு டிஸ்க்கையும் அரவை எந்திரத்தில் போட்டால் காந்தம் தூளாகி இரும்போடு ஒட்டிக்கொண்டு வீணாகப் போகிறது. பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்கும் நான் கொடுத்துவருகிறேன், மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கிறார்கள்.

தட்டு அலுமினியமா கண்ணாடியா என்று பார்க்க வேண்டும். பெரிய, மேசைக் கணினி டிஸ்க்குகளில் பொதுவாக அலுமினியம்; விரல் நகத்தால் சுண்டினால் வெண்கல மணி போல ஒலிக்கும். மடிக்கணினி டிஸ்க்குகளில் பெரும்பாலும் கண்ணாடி. வளைக்க முயன்றால் ஊசி ஊசியாகச் சிதறி முகத்தில் தெறிக்கும். ஆகவே சிறிய டிஸ்க்கைத் திறக்காமலே தடித்த சாக்கில் சுற்றிச் சுத்தியலால் அடிப்பது நல்லது. அப்போதும் கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். எஞ்சிய வார்ப்பு உடல் அலுமினியம். அடியில் இருக்கும் சின்னப் பச்சைப் பலகையைக் கழற்றிப் பலகை மூட்டையில் சேர்த்துவிடுங்கள்.

நவம்பர் 16

நேற்றைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை. அடிப்பலகையின் திருகாணி டி 6 அளவிலும் வருகிறது. சரியான அளவு இல்லாமல் சாதாரணத் திருப்புளியால் நெம்பி அதன் தலையை மழுக்கிவிட்டால், பிறகு துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

நவம்பர் 19

பெட்டி மானிட்டர்களைத் திறக்க வேண்டாம்.

அதன் படக்குழாய்க்குள் காற்று இல்லை. கழுத்தை உடைத்தாலோ முகத்தில் அடித்தாலோ உள்ளே இடிந்து கண்ணாடி வெளியே பறக்கும். ஆனோடு என்ற அதன் உயர் மின்னழுத்த முனையில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏறி நின்ற மின்னூட்டம் அணைத்த பிறகும் தங்கியிருக்கக்கூடும். பின்புறப் புனல் கண்ணாடியில் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு ஈய ஆக்சைடு சேர்ந்திருக்கிறது. கழுத்தைச் சுற்றியுள்ள செம்புக்காகக் குழாயை உடைத்து, செம்பை எடுத்துக்கொண்டு, கண்ணாடியைக் குளக்கரையில் கொட்டிவிட்டுப் போவதைப் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் பழைய படக்குழாய்க் கண்ணாடி புதிய படக்குழாய் செய்யப் போனது. இன்று புதிய குழாய் செய்பவர் ஏறத்தாழ யாரும் இல்லை என்பதால் அந்தக் கண்ணாடியை வாங்க ஆள் இல்லை. உங்கள் 22 கணினிகளில் உண்மையான சுமை இந்த மானிட்டர்கள்தான். அவற்றிலிருந்து பணம் எதிர்பார்க்காதீர்கள். பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் முழுதாக ஒப்படைப்பது மட்டுமே வழி.

பழைய எல்.சி.டி. மானிட்டர்களின் பின்விளக்குக் குழலில் பாதரசம் இருக்கிறது. அவற்றையும் முழுதாகவே கொடுங்கள்.

நவம்பர் 24

மைத்துனர் நேரடியாகவே எழுதியிருக்கிறார்: நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வாங்கி மொட்டை மாடியில், திறந்தவெளியில் செய்தால் என்ன ஆபத்து என்று கேட்கிறார்.

தம்பி, சொல்வதைக் கேளுங்கள். நைட்ரிக் அமிலம் செம்பைத் தொட்டதும் எழும் செம்பழுப்புப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு. அதை மூச்சில் இழுத்தவருக்கு அந்த நேரத்தில் சற்று இருமலும் கண்ணெரிச்சலும் மட்டுமே தெரியலாம். பல மணி நேரம் கழித்து, இரவில் படுத்த பிறகு, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு நின்றுபோகலாம். வேலை செய்தபோது ஒன்றும் ஆகவில்லை என்பதால் யாரும் உடனே மருத்துவமனைக்குப் போவதில்லை. துணியாலான முகக்கவசம் வாயுவைத் தடுக்காது. திறந்தவெளி என்றாலும் வாளியின் மேல் குனிந்திருப்பவரின் முகத்துக்கு நேரே அந்தப் புகை எழுகிறது.

அதற்குப் பிறகு மிஞ்சுவது செம்பும் ஈயமும் நிக்கலும் கரைந்த பச்சை நிற அமிலம். காணொளியில் அதை எங்கே கொட்டினார்கள் என்று காட்டியிருக்கிறார்களா? உங்கள் ஊரில் தென்னந்தோப்புக்குத் தோப்பு கிணறு இருக்கிறது. மண்ணில் ஊற்றினால் அது அங்கேதான் போய்ச் சேரும். பலகையில் தங்கத்தைவிடச் செம்பு ஆயிரம் மடங்கு அளவில் இருப்பதால் அமிலத்தின் பெரும்பகுதி செம்பைக் கரைக்கவே செலவாகிறது; அமிலத்துக்குக் கொடுத்த காசு தங்கமாகத் திரும்புவதில்லை. அமிலம் ஊற்றிய பலகையை, உருக்காலைக்கு அனுப்புபவரும் வாங்கமாட்டார். 8-ஆம் தேதி சொன்ன பலகை விலையையும் சேர்த்தே இழப்பீர்கள்.

டிசம்பர் 2

ஒயர்களைப் பற்றி. எரிக்கக் கூடாது, ஒரு கைப்பிடி ஒயராக இருந்தாலும் எரிக்கக் கூடாது. மேலுறையில் இருக்கும் பி.வி.சி.யில் குளோரின் உண்டு. எரியும்போது செம்பே வினையூக்கியாக நின்று டையாக்சின் என்ற கடும் நச்சு உருவாகத் துணைசெய்கிறது. எரித்த செம்பு கறுத்து, நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுவதால் கடையில் அதற்கு விலையும் குறைவு.

தடித்த பவர் கார்டை வேண்டுமானால் கத்தியால் நீளவாக்கில் கீறி உரிக்கலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் மெல்லிய ஒயர்களை உரிப்பதில் நேரம் போவதைத் தவிரப் பயன் இல்லை. முனையில் உள்ள பிளாஸ்டிக் கனெக்டர்களை மட்டும் வெட்டிவிட்டு உறையோடு கொடுங்கள்; உறையோடு கூடிய செம்பு ஒயருக்கென்று தனி விலை உண்டு. தட்டையான ரிப்பன் கேபிளில் செம்பு மிகக் குறைவு, அதைத் தனி மூட்டையாக வையுங்கள்.

டிசம்பர் 9

"இவ்வளவு எச்சரிக்கை எதற்கு, சீலம்பூரில் ஆயிரக்கணக்கானோர் இதே தொழிலைச் செய்து பிழைக்கவில்லையா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பிழைக்கிறார்கள், எந்த விலை கொடுத்துப் பிழைக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். டில்லியின் சீலம்பூரில் பிரித்த பலகைகள் பித்தளை வேலைக்குப் பேர்போன மொராதாபாத்துக்குப் போய், அங்கே எரிக்கப்பட்டு, சாம்பல் ராமகங்கை ஆற்றங்கரையில் அலசப்பட்டது. சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் குய்யூ என்ற ஊர், பலகைகளை அடுப்பில் வாட்டிச் சில்லுகளைப் பெயர்த்தெடுக்கும் வேலைக்கே வாழ்ந்தது. அந்த ஊர்க் குழந்தைகள் 165 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 135 பேருக்கு ஈயம் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தது. அந்தப் பிள்ளைகள் யாரும் அந்தத் தொழிலைத் தேர்ந்தெடுக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே அடுப்பு இருந்தது.

ஈயப்பற்று 183 டிகிரியில் உருகும். அதை உருக்கப் பலகையை வாட்டும்போது, அதன் பிசினில் சேர்த்திருக்கும் புரோமின் சேர்மங்களும் புகையத் தொடங்கும். நாம் திருப்புளியோடு நின்றுவிட வேண்டும் என்று முதல் நாளே எழுதியதற்குக் காரணம் இதுதான். சூடும் அமிலமும் இல்லாமல் பிரித்தால் உலோகம் உலோகமாகவே கைமாறுகிறது. பிரித்து முடித்ததும் கை கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள். அந்த உடையோடு குழந்தையைத் தூக்காதீர்கள்.

டிசம்பர் 17

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டவர்களுக்கு. இந்தியாவில் முதல் மின்னணுக் கழிவு விதிகள் 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. 2016-இல் மாற்றி எழுதப்பட்டன. இப்போது இருப்பவை 2022-ஆம் ஆண்டு விதிகள், 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. மறுசுழற்சி செய்பவர், புதுப்பித்து விற்பவர் ஆகியோர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 1,000 கருவிகளுக்குக் குறையாமல் பயன்படுத்தும் நிறுவனம் மொத்தப் பயனாளர் ஆகிறது. அதற்குத் தனிக் கடமைகள் உண்டு. பொள்ளாச்சி நண்பர் அந்த வரம்புக்குள் வரமாட்டார். ஆனால் தம் சொந்தக் கணினிகளைக் கழற்றுவது வேறு, ஊரார் கணினிகளை வாங்கிவந்து உலோகம் பிரிப்பதைத் தொழிலாக நடத்துவது வேறு. இரண்டாவதை நினைப்பவர்கள் பதிவு, இடம், கழிவுநீர் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

2024 ஜனவரி 6

பொள்ளாச்சி நண்பர் இப்போதுதான் சொல்கிறார், மேசைகளுக்கு அடியில் யூ.பி.எஸ். பெட்டிகளும் இருக்கின்றனவாம். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் முதல் குறிப்பே இதிலிருந்து தொடங்கியிருக்கும். அந்த அறையில் எடைக்கு நல்ல விலை போகும் பொருள்களில் யூ.பி.எஸ். முக்கியமானது.

சிறிய யூ.பி.எஸ். ஒவ்வொன்றிலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி ஒன்று, இரண்டு கிலோவுக்கு மேல் எடையோடு இருக்கும். உப்பிப்போயிருந்தாலும் ஈயத்துக்கு விலை உண்டு. இதை உடைக்கவோ அமிலத்தைக் கொட்டவோ கூடாது. புதிய பேட்டரி விற்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்வார்கள். 2022-இல் பேட்டரிக் கழிவுக்கென்று தனி விதிகளும் வந்திருக்கின்றன. பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அடுத்தது. அதன் சுற்றுக்கம்பி சிவப்பாகத் தெரிவதாலேயே செம்பு என்று முடிவு செய்ய வேண்டாம். விலை குறைந்த யூ.பி.எஸ்.களில் அலுமினியக் கம்பிக்கும் அதே நிறத்தில் எனாமல் பூசுகிறார்கள். பிளேடால் ஓர் இடத்தில் சுரண்டுங்கள். அடியில் வெள்ளையாக இருந்தால் அலுமினியம். செம்பாக இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர்களை மட்டும் தனியாக எடைக்குப் போடுங்கள். மோட்டார் காயில் கட்டும் கடைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். திறப்பதற்கு முன் பேட்டரி இணைப்பைப் பிடுங்க மறக்காதீர்கள். சுவர் இணைப்பு இல்லாமலே 230 வோல்ட் தரக்கூடிய கருவி அது.

ஜனவரி 20

நண்பர் எல்லாவற்றையும் முடித்துவிட்டு எழுதியிருக்கிறார். ஓடிய மதர்போர்டுகளில் இரண்டை எடைமேடை பராமரிப்பவர் ஒருவர் எடுத்துக்கொண்டார். ஓடிய ராம்கள் பழுதுபார்க்கும் கடைக்குப் போயின. அலுமினியம், செம்பு, பலகை, இரும்பு எல்லாம் தனித்தனியாக எடைபோடப்பட்டு, மொத்தமாகச் சொன்ன விலையைவிட நன்றாகவே வந்திருக்கிறது, அதில் யூ.பி.எஸ். பேட்டரிகளின் பங்கு பெரியது. மைத்துனர் அமிலம் வாங்கவில்லை, ஹார்ட் டிஸ்க்குகளை அவரே உட்கார்ந்து திறந்தாராம். அதைப் படித்ததும் எனக்கு மிகுந்த நிம்மதி.

மானிட்டர்கள் மட்டும் இன்னும் அங்கேயே இருக்கின்றன. ஒரு வண்டி நிறையும் அளவுக்குச் சேர்ந்தால்தான் மறுசுழற்சி நிறுவனம் வந்து ஏற்றிக்கொள்ளும் என்கிறார்களாம். பொள்ளாச்சி, உடுமலை பக்கம் பள்ளியிலோ அலுவலகத்திலோ பெட்டி மானிட்டர்களை அடுக்கி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் இங்கே ஒரு வரி எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே நடையில் ஏற்றி அனுப்ப ஏற்பாடு செய்யலாம்.